மெகாபோடுக்குக் கடலோரக் காடு வேண்டும்

ஐயா,
பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் அமையவுள்ள துறைமுகம் பற்றிய செய்தி படித்தேன். அங்கிருந்த சரணாலய அந்தஸ்தை 2021 ஜனவரியிலேயே நீக்கிவிட்டார்கள். சரி, அங்கு வாழும் நிக்கோபார் மெகாபோட் ஒரு பறவைதானே, உள்காட்டுக்குப் போய்விடும் என்று நினைப்பது பெரும் தவறு. இந்தப் பறவை அடைகாப்பதில்லை. கரையோரக் காட்டில் மணலையும் சருகையும் காலால் வாரிக் குவித்து அதற்குள் முட்டையிடும். சருகு மக்கும் சூட்டில்தான் குஞ்சு பொரியும். 2004 சுனாமியில் இத்தகைய மேடுகள் ஏராளமாக அழிந்தன.

அதே தீவிலுள்ள காம்பெல் பே பக்கம் அப்படியொரு மேட்டை நேரில் பார்த்திருக்கிறேன். இடுப்பளவு உயரம், மேலே புதிதாகக் கிளறிய ஈர மண், கூப்பிடு தூரத்தில் கடல். கட்டுமானம் தொடங்கும் முன் நிக்கோபாரி மக்களையும் சேர்த்துக்கொண்டு மேடுகளைக் கணக்கெடுத்து, அவை உள்ள கரையோரக் காட்டைத் திட்டத்திலிருந்து அடியோடு விலக்க வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்சி