இரண்டு லைன் இருந்தும் பேங்க் தளம் ஏன் வெளியே தள்ளுகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு இன்டர்நெட் லைன் வைத்திருக்கும் எல்லோருடைய மைக்ரோடிக் ரூட்டரிலும் இந்த மாதம் ஃபயர்வால் ரூல்களை (எந்த டேட்டா எந்த லைனில் போக வேண்டும் என்று ரூட்டருக்குச் சொல்லும் விதிகளை) மாற்றி எழுதப் போகிறோம். இதற்குக் கட்டணம் கிடையாது. உங்கள் ரூட்டரில் கை வைக்கும் முன், என்ன செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன மாதம் நூல் வியாபாரம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் சம்பளம் போடும் நாளில் கூப்பிட்டார். பேங்க் தளத்தில் உள்ளே போகிறார், ஓடிபி வருகிறது, அதைத் தட்டி முடிப்பதற்குள் திரும்ப லாகின் பக்கம் வந்து நிற்கிறது. நான்கு முறை இப்படி. கடைசியில் மொபைல் நெட்டில் பணத்தை அனுப்பி முடித்தார். போய்ப் பார்த்தோம். லைனில் குறையில்லை, பேங்கிலும் குறையில்லை. நாங்கள் எழுதி வைத்திருந்த ரூல்தான் காரணம். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். இதே சிரமம் உங்களில் யாருக்காவது வந்திருந்தால் உங்களிடமும் கேட்டுக்கொள்கிறோம்.

பழைய ரூல் கனெக்‌ஷன்களை எண்ணிப் பிரித்தது. ஒன்று முதல் லைனில், அடுத்தது இரண்டாவது லைனில். ஒரு பக்கம் திறக்கும்போதே பிரவுசர் பல கனெக்‌ஷன்களைப் போடும். அவை இரண்டு லைனிலும் சிதறிப் போகும். ஒவ்வொரு லைனுக்கும் வெளியுலகில் ஒரு ஐபி முகவரி உண்டு. ஆக, ஒரே லாகின் இரண்டு முகவரிகளிலிருந்து வருவதாக பேங்க் பார்க்கிறது. வேறு யாரோ நுழைகிறார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறது. அது செய்வது சரிதான்.

புதிய ரூலுக்கு பிசிசி என்று பெயர். கடைக்குள் உங்கள் கம்ப்யூட்டருக்கு இருக்கும் முகவரியிலிருந்து ரூட்டர் ஒரு எண்ணைக் கணக்கிட்டு, 2-ஆல் வகுத்து, மீதியைப் பார்க்கும். மீதி 0 என்றால் முதல் லைன், 1 என்றால் இரண்டாவது. முகவரி மாறாதவரை மீதியும் மாறாது என்பதால் அந்தக் கம்ப்யூட்டர் ஒரே லைனில் நிற்கும். ஒரு லைன் 100 எம்பிபிஎஸ், இன்னொன்று 50 என்றால் 3-ஆல் வகுத்து, இரண்டு மீதிகளைப் பெரிய லைனுக்குக் கொடுப்போம். கனெக்‌ஷனின் முதல் பாக்கெட்டிலேயே (டேட்டாவின் சின்னத் துண்டு) லைன் முடிவாகி அதன் மேல் ஒரு மார்க் விழுந்துவிடும். பின்னால் வருபவை அந்த மார்க்கைப் பார்த்துப் போகும். வெளியிலிருந்து சிசிடிவி பார்ப்பவர்களுக்கும் இதே மார்க்தான்: எந்த லைனில் உள்ளே வந்ததோ அதே லைனில் பதில் திரும்பும்.

மூன்று நான்கு கம்ப்யூட்டர் மட்டும் உள்ள கடைகளில் இந்தக் கணக்கு சரிப்படாது, எல்லாமே ஒரே பக்கம் விழலாம். அங்கே, நீங்கள் திறக்கும் தளத்தின் முகவரியையும் சேர்த்துக் கணக்கிட்டு, நீங்கள் பயன்படுத்தும் பேங்க், ஜிஎஸ்டி தளங்களை மட்டும் ஒரு லைனில் கட்டி வைப்போம். அந்தத் தளங்களின் பட்டியலை எழுதி வையுங்கள், வரும்போது வாங்கிக்கொள்கிறோம்.

100-ம் 100-ம் சேர்ந்தால் 200 வருமா என்று பலர் கேட்கிறீர்கள். ஒரு ஆளுக்கு, ஒரு டவுன்லோடுக்கு வராது. இரண்டு குழாயில் தண்ணீர் வந்தாலும் ஒரு குடம் ஒரு குழாயடியில்தான் நிற்கும். பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்யும்போதுதான் இரண்டாவது லைனின் அருமை தெரியும். இரட்டை வேகம் என்று யாராவது சொல்லி விற்றால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அப்புறம், லைன் விழும்போது என்ன ஆகும் என்பது. பக்கத்தில் இருக்கும் மோடத்தை மட்டும் பிங் செய்து (பதில் வருகிறதா என்று கேட்டு) பார்த்தால் போதாது. தெருவில் ஃபைபர் அறுந்திருந்தாலும் மோடம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் முதல் லைன் வழியாக 8.8.8.8 (கூகுளின் சர்வர்), இரண்டாவது வழியாக 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேரின் சர்வர்) என்று வெளியே எட்டிப் பார்க்கச் சொல்கிறோம். பதில் வராவிட்டால் சுமார் 20 வினாடியில் எல்லாம் மற்ற லைனுக்கு மாறிவிடும். அந்த நேரம் வீடியோ காலில் இருந்தால் கட் ஆகும். திரும்பக் கூப்பிட்டால் போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கம்ப்யூட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) என்ற இடத்தில் கையால் 8.8.8.8 போட்டு வைத்திருந்தால், அந்த முகவரியை முதல் லைனிலேயே கட்டியிருப்பதால், அந்த லைன் விழுந்ததும் அதற்கு வழி இருக்காது. இரண்டாவது லைன் நன்றாக ஓடும்போதே ‘நெட் இல்லை’ என்று காட்டும். அதைத் தானியங்கியாகவே விட்டுவிடுங்கள்.

பாக்கெட்டுகளைக் குறுக்கு வழியில் வேகமாக அனுப்பும் ஃபாஸ்ட்ட்ராக் என்ற ரூட்டர் வசதியையும் நிறுத்த வேண்டியிருக்கிறது. அதில் போகும் பாக்கெட்டுகள் மார்க் பார்க்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. நிறுத்தினால் ரூட்டருக்கு வேலை கூடும். பழைய சின்ன மாடல்களில் வேகம் குறைய வாய்ப்புண்டு. மாற்றும் முன்பும் பின்பும் உங்கள் எதிரிலேயே அளந்து காட்டுகிறோம், குறைந்தால் என்ன செய்யலாம் என்று அப்போது பேசுவோம்.

வேலைக்கு அரை மணி நேரம் ஆகும், நடுவில் சில நிமிடம் நெட் நிற்கும். கடை திறக்கும் முன்போ, சாத்திய பிறகோ, உங்களுக்கு எது வசதி என்று ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி, சம்பளம் என்று நெருக்கடியில் இருப்பவர்களிடம் முதலில் வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் நெட்வொர்க் கடையிலிருந்து