எஃகு உறைத் தோட்டாவும் துப்பாக்கிக் குழலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலை குறைந்த எஃகு உறைத் தோட்டாக்களை அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் (விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்பவை) பயன்படுத்தலாமா என்பது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். எஃகு எஃகைத் தின்றுவிடும் என்று ஒரு சாராரும், கலாஷ்னிகோவ் (ஏகே) துப்பாக்கி காலங்காலமாக அதைத்தானே சுட்டுக்கொண்டிருக்கிறது என்று மறு சாராரும் வாதிட்டிருந்தனர். இரு தரப்பாரும் உறையைப் பற்றியே பேசினார்களே தவிர, அதன் முனையில் பொருத்தியிருக்கும் குண்டைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. விடையில் பாதி அந்தக் குண்டில் இருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், வெடிமருந்தை அடக்கியிருக்கும் உறையைப் பார்ப்போம். உறை குழலுக்குள் போவதே இல்லை. அது தோட்டா அறையில் நின்று, மருந்து எரியும் கணத்தில் விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாமல் அடைத்து, அழுத்தம் தணிந்ததும் இம்மியளவு சுருங்கி, போல்ட்டின் (அறையைப் பின்னாலிருந்து மூடும் நகரும் பகுதி) கொக்கி இழுத்தவுடன் வெளியே வந்து விழ வேண்டும். 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை இதை அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது. எஃகின் விறைப்பு பித்தளையைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்பதாலும், உறை செய்யப் பயன்படுவது மென்மையான எஃகு என்பதாலும், அது விரிந்தபின் பழைய அளவை நோக்கி மீளும் தூரம் குறைவு. அறையின் சுவரை அது இறுக அடைப்பதும் குறைவு. சுட்டு விழுந்த உறைகளைக் கையில் எடுத்துப் பார்த்தாலே இது புரியும்: பித்தளை உறையின் கழுத்தில் மட்டும் மெல்லிய புகைக்கறை இருக்கும், எஃகு உறையிலோ தோளையும் (கழுத்துக்குக் கீழே விரியும் சரிவு) தாண்டி உடல்வரை கரி வழிந்திருக்கும். அந்தக் கரியின் மறுபாதி அறையின் சுவரில் படிந்துவிடுகிறது.

எஃகு உறைகளைத் தொடர்ந்து சுட்டுவிட்டு, அறையைத் துலக்காமல் பித்தளைத் தோட்டாவுக்கு மாறும்போது உறை சிக்கிக்கொள்வதற்குக் காரணம் இந்தக் கரிதான். நன்றாக விரியும் பித்தளை, கரிப்படலத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது. பழியோ பல ஆண்டுகளாக, எஃகு துருப்பிடிக்காமல் இருக்க உறையில் பூசும் அரக்குப் பூச்சின் மேல் விழுந்து வருகிறது. சூட்டில் பூச்சு உருகி ஒட்டிக்கொள்கிறது என்ற கதையைத் தங்கள் கட்டுரையாளரும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார். அரக்குப் பூச்சைக் கைவிட்டு பாலிமர் பூச்சுக்கு மாறிய தோட்டாக்களிலும் அதே சிக்கல் தொடர்வதை அவர் கவனித்திருக்கலாம்.

எஃகு உறை என்றாலே மட்டமான சரக்கு என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாட்டுக்கு ஆளான ஜெர்மனி எஃகு உறைகளைப் பெருமளவில் தயாரித்தது. 1943-இல் சோவியத் ஒன்றியம் உருவாக்கிய 7.62×39 மி.மீ. தோட்டாவோ வடிவத்திலேயே எஃகுக்கு ஏற்றதாக அமைந்தது. அதன் உடல் அடியிலிருந்து முனை நோக்கித் தெளிவாகக் குறுகிச் செல்கிறது. வாய் அகன்று அடி சிறுத்த தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் சற்று இழுத்ததுமே பிரிந்துவிடுகின்றன. நேர்ச்சுவர்த் தம்ளர்கள் அப்படிப் பிரிவதில்லை. அதே கணக்குதான் இங்கும். போதாக்குறைக்கு, ஏகே வகைத் துப்பாக்கிகளின் கொக்கி பெரியது, அறை தாராளமானது, குழலுக்குள் குரோமியப் பூச்சும் உண்டு. அமெரிக்காவில் பரவலான ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளுக்கு உரிய .223 ரெமிங்டன், 5.56×45 மி.மீ. தோட்டாக்கள் பித்தளையை மனத்தில் வைத்து வடிக்கப்பட்டவை. அவற்றின் உடல் ஏறக்குறைய நேராக நிற்கிறது. ஆகவே ஏகே சுடுகிறதே என்ற வாதம் ஏகேவுக்கு மட்டுமே பொருந்தும்.

உறை சிக்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போல்ட்டை இழுக்கும் கைப்பிடி அசையாது; பலமாக இழுத்தால் கொக்கி உறையின் அடிவிளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்; உறை மட்டும் உள்ளேயே நிற்கும். அதன்பின் குழலின் வாய்வழியாகத் துப்புரவுக் கம்பியை விட்டுத் தட்டித்தான் அதை வெளியேற்ற வேண்டும். உள்ளே இருப்பது சுட்டு முடிந்த வெற்று உறைதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். வெடிக்காத தோட்டா சிக்கியிருந்தால், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துவிட்டுத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரை அழைப்பது ஒன்றே வழி.

இனி குண்டுக்கு வருவோம். மலிவான எஃகு உறைத் தோட்டாக்கள் பலவற்றில் குண்டின் மேல்தகடும் செம்பு அல்ல. மென்மையான எஃகுத் தகட்டின் மேல் மெலிதாகச் செம்பு பூசியிருப்பார்கள். குண்டைச் சுழலவைக்கும் குழலின் வரிப்பள்ளங்களில் உராய்ந்து செல்வது இந்தத் தகடுதான். பார்வைக்குச் செம்பாகவே தெரியும். காந்தத்தைக் குண்டின் முனையில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. லக்கி கன்னர் என்ற அமெரிக்கத் தோட்டா விற்பனை நிறுவனம் 2013-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. ஒரே வகை ஏஆர்-15 துப்பாக்கிகள் நான்கில், ஒன்றில் பித்தளை உறையும் மற்ற மூன்றில் வெவ்வேறு ரஷ்ய எஃகு உறையுமாக, துப்பாக்கிக்கு 10,000 தோட்டாக்கள் என்ற இலக்கோடு சுட்டார்கள். பித்தளை உறைத் துப்பாக்கி ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடித்தது. எஃகு உறைத் துப்பாக்கிகளில் இரண்டு 9 தடங்கல்களோடும் 15 தடங்கல்களோடும் இலக்கை எட்டின. மூன்றாவது பாதி வழியிலேயே நின்றுபோனது. இதைவிட முக்கியமானது குழல்களின் நிலை: எஃகு கலந்த மேல்தகடு உராய்ந்த குழல்கள் ஏறக்குறைய 6,000 தோட்டாக்களில் தேய்ந்துபோயின, செம்புத் தகடு சென்ற குழலோ 10,000-க்குப் பிறகும் பயன்படும் நிலையில் இருந்தது. வகைக்கு ஒரு துப்பாக்கி என்பது சிறிய மாதிரிதான். குழல் கொதிக்கக் கொதிக்க வேகமாகச் சுட்ட சோதனை என்பதையும் மறக்கக்கூடாது. ஆற அமரச் சுடுபவரின் குழல் இன்னும் நெடுநாள் தாங்கும்.

அந்தச் சோதனையாளர்களே போட்ட கணக்கு ஒன்று பலருக்கு வியப்பளிக்கும். அன்றைய விலையில், எஃகு உறையால் மிச்சமான பணத்தில் புதிய குழல் வாங்கிய பிறகும் கையில் தொகை மீந்தது. ஆனால் அது அன்றைய விலை. ரஷ்யாவிலிருந்து தோட்டா இறக்குமதி செய்யப் புதிய அனுமதி கிடையாது என்ற அமெரிக்க அரசின் தடை 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின், மலிவுச் சரக்கின் முக்கியமான ஊற்று வற்றத் தொடங்கியது. எனவே, ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு மிச்சம் என்பதைச் சில ஆயிரங்களால் பெருக்கி, வரும் தொகை புதிய குழலின் விலையையும் அதைப் பொருத்தும் கூலியையும் தாண்டுகிறதா என்று அவரவர் இன்றைய விலையில் பார்த்துக்கொள்வதே முறை. ஆண்டுக்கு ஓரிரு நூறு தோட்டாக்கள் மட்டும் சுடுபவருக்குக் குழல் தேய்வது ஒரு கவலையே அல்ல. மிச்சமாகும் பணமும் அவருக்குப் பெரிதாக இராது.

பயிற்சித் தளங்கள் சில, தோட்டாவில் எஃகு உள்ளதா என்று பார்க்கக் காந்தத்தோடு வாசலில் நிற்பதைக் கெடுபிடி என்று ஒரு வாசகர் குறைபட்டிருந்தார். எஃகுத் தகடு கடினமான பரப்பில் மோதும்போது தீப்பொறி பறக்கும். காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். பித்தளைக் கழிவை விற்கும் தளங்களுக்கு எஃகு உறை கலந்துவிட்டால் பிரித்தெடுக்கும் வேலை வேறு. இதில் எஃகு உள்ளகம் (குண்டின் நடுவில் வைக்கும் எஃகுத் தண்டு) கொண்ட குண்டையும் கட்டுரையாளர் சேர்த்துக் குழப்பியிருக்கிறார். அது முற்றிலும் வேறு பொருள், அமெரிக்காவில் ரஷ்ய 5.45 மி.மீ. 7என்6 வகைத் தோட்டாவை 2014-இல் கவசம் துளைப்பது என வகைப்படுத்தி இறக்குமதியை நிறுத்தியது அந்த உள்ளகத்துக்காக, உறைக்காக அல்ல.

எஃகு உறையில் மறுபடி மருந்து நிரப்புவது நடைமுறையில் பயன்தராது. பூச்சு உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும், துருவேறியதைச் சுடக்கூடாது.

என் கருத்து இதுதான். ஏகே, அதே 7.62×39 மி.மீ. தோட்டாவைச் சுடும் எஸ்கேஎஸ் போன்று எஃகு உறைக்கென்றே பிறந்த துப்பாக்கிகளில் தயங்காமல் பயன்படுத்தலாம். ஏஆர் வகையில், அறையும் குழலும் குரோமியப் பூச்சுடையவையாக இருந்து, தயாரிப்பாளரின் கையேடு தடுக்காதபோது பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். எஃகு உறை மட்டும் இருந்து குண்டின் மேல்தகடு செம்பாகவே இருக்கும் தோட்டா கிடைத்தால் இன்னும் நல்லது. இறுக்கமான அறை கொண்ட போட்டித் துப்பாக்கிகளுக்கு இது வேண்டாம். ஒரே நாளில் இரண்டு வகையும் சுட வேண்டியிருந்தால் பித்தளையை முதலில் சுட்டு முடித்துவிடுங்கள். எஃகு முந்திவிட்டால், அறைக்கான பிரஷ்ஷைக் கரைப்பானில் தோய்த்து நன்றாகத் தேய்த்துத் துடைத்த பின்னரே பித்தளைத் தோட்டாவை ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்