தழும்பு வலி

அன்பு மகள் வள்ளிக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

நேற்று போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். விலக்கான நாள் வந்தால் சிசேரியன் தழும்பின் ஓரம் சுருக் சுருக்கென்று குத்துகிறது, பிள்ளையைத் தூக்க முடியவில்லை என்று. ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. இதுவரை உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன்.

உன்னையும் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்துத் தழும்பின் இடது கோடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. பாவாடை நாடா பட்டாலே உயிர் போகும். உன்னை இடுப்பில் வைத்தால் உன் கால் சரியாக அங்கேதான் இடிக்கும். இறக்கி விட்டால் நீ அழுவாய், நானும் அழுவேன். ஒரு டாக்டர் தையல் நூல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இன்னொருவர் குடலிறக்கம் என்றார். எந்த நாளில் வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. அதிலேயே மூன்று வருஷம் போயிற்று.

கடைசியில் ஒரு டாக்டரம்மாதான், "மாசம் பூரா வலிக்குதாம்மா, அந்த நாலு நாள் மட்டுமா?" என்று கேட்டார். பால் கணக்கு எழுதும் காலண்டரில் வலித்த நாளையெல்லாம் வட்டம் போட்டேன். மூன்று மாதத் தாளிலும் வட்டங்கள் விலக்கான நாட்களை ஒட்டியே விழுந்திருந்தன.

எண்டோமெட்ரியோசிஸ் என்றார். குழந்தையை எடுக்கும்போது கர்ப்பப்பையின் உள்சவ்வில் ஒரு துளி, வெட்டுக்காயத்தில் ஒட்டி வளர்ந்துவிடுமாம். கர்ப்பப்பைக்குள் நடப்பதே மாதாமாதம் அங்கேயும் நடக்கும். கசிகிற ரத்தம் வெளியேற வழியில்லாமல் வீங்கும், வலிக்கும். சிசேரியன் ஆனவர்களில் மிகச் சிலருக்குத்தான் வரும். அதனால்தான் டாக்டர்களுக்கே சட்டென்று பிடிபடுவதில்லை. மாத்திரை வலியைக் கொஞ்சம் அடக்கும், கட்டியைப் போக்காது. சுற்றிலும் 1 செ.மீ. நல்ல சதையையும் சேர்த்து வெட்டியெடுத்து, சதைப் பரிசோதனைக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். எனக்குத் திரும்ப வரவே இல்லை.

உனக்கும் அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் தேதியைக் குறித்து வை. தழும்பை விரலால் மெல்ல அழுத்திப் பார். ஏதாவது தட்டுப்பட்டால் வீங்கியிருக்கும் நாளிலேயே போய் ஸ்கேன் எடு. டாக்டர் ஆணோ பெண்ணோ, விலக்கான நாட்களில்தான் வலிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடு.

என்றைக்குப் போகிறாய் என்று மட்டும் சொல். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முந்தின நாளே ரயிலேறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா