ஏழாம் திருநாள் திரையிடலுக்கு நன்கொடை வேண்டுகிறோம்

ஊர்ப் பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் ஊர் மக்களுக்கும் திரையிடல் குழுவின் வணக்கம்.

சித்திரைத் திருவிழாவில் காப்புக் கட்டிய ஏழாம் நாள், போன வருஷத்தைப் போலவே இந்த வருஷமும் காலையிலிருந்து இரவு வரை நல்ல படங்களைத் திரையிடப் போகிறோம். வள்ளி திருமணம் நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்த ஊர் இது. பிறகு பொட்டலில் திரை கட்டிப் படம் போட்டார்கள். இப்போது ஆளுக்கொரு செல்போனில் ஆளுக்கொரு மூலையில் பார்க்கிறோம். ஒரு நாளாவது ஊரே ஒன்றாக உட்கார வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தோம்.

போன வருஷம் நடந்ததை மறைக்காமல் சொல்கிறோம். பெரிய வீடு ஒன்றின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், இரண்டு தேக்குத் தூண்களுக்கு நடுவே எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கட்டியதுதான் திரை. முற்றத்து வெளிச்சத்தை மறைக்க மேலே தார்ப்பாய் போட்டிருந்தோம். மதியம் காற்று கிளம்பியதும் தார்ப்பாய் ஒரு பக்கம் கழன்று, வெயில் நேராகத் திரையில் விழுந்துவிட்டது. பேச்சு கேட்கிறது, முகம் தெரியவில்லை. வேட்டி காற்றுக்கு உப்பி உப்பி அடங்குகிறது. வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியும் நடுநடுவே நின்றது. அப்படியும் ஆத்தங்குடிக் கல் தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தவர்களில் எழுந்து போனவர்கள் சிலர்தான்.

இரவு ‘நாம் இருவர்’ முடிந்த பிறகும் ஒரு ஐயா தூணில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, “ரஸ்தாவுல அந்தக் கொட்டகை வாசல்ல சின்னப் பயலா நின்னுருக்கேன்ப்பா. உள்ள விடமாட்டேன்னுட்டாக. என்ன எடுத்தாகன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றார்.

காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன், ஊருக்குப் பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ அமைத்து எடுத்த படம் அது. 1947 தொடக்கத்தில், சுதந்திரம் வருவதற்குச் சில மாதம் முன்பே, பாரதியார் பாட்டுகளோடு வெளிவந்தது. ஸ்டுடியோ பின்னால் சென்னைக்குப் போய்விட்டது. நம் மண்ணில் எடுத்த படத்தை நம் ஆட்களே வேட்டியில், பாதி வெளிச்சத்தில் பார்க்க வேண்டியிருந்ததே என்ற வருத்தம் எங்களுக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே இந்த முறை பகல் காட்சிகளைக் கல்யாண மண்டபத்துக்கு மாற்றுகிறோம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, 20 அடி அகலத்தில் முறையான திரை, நல்ல புரொஜெக்டர். காலையில் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். கொதிக்கிற வெயிலில் அப்பனும் மகனும் நடக்கும் அந்த வறண்ட பூமி நமக்குப் புதிதல்ல. அடுத்து பாலு மகேந்திராவின் ‘வீடு’. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பற்றிப் பெருமை பேசும் நாம், ஒரு சின்ன வீட்டைக் கட்டி முடிக்க ஒரு பெண் படும் பாட்டை அவசியம் பார்க்க வேண்டும். அதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதருக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’. மனைவியின் நகையை அடகு வைத்தும் பணம் போதாமல் நின்று, கடைசியில் மேற்கு வங்க அரசு கொடுத்த பணத்தில் 1955இல் முடிந்த படம். அதன் நெகட்டிவ் 1993இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் சேதமாகி, பெரும்பாடுபட்டுச் சரிசெய்யப்பட்டு 2015இல் மறுபடி திரைக்கு வந்தது. வங்காள வசனத்துக்கு நம் பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்து திரையின் கீழே ஓடத் தமிழில் வரிகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இரவு பொட்டலில், அந்த ஐயாவுக்காகவும், மறுபடி ‘நாம் இருவர்’.

மொத்தச் செலவு ரூ. 1,60,000 என்று கணக்குப் போட்டிருக்கிறோம். புரொஜெக்டர், திரை, ஒலி வாடகைக்கு ரூ. 62,000. படங்களின் உரிமையாளர்களிடம் முறையாக எழுதிக் கேட்டு, கட்டணம் கட்டித்தான் போடுகிறோம், அதற்கு ரூ. 45,000 ஒதுக்கியிருக்கிறோம். மண்டபம், நாற்காலி, ஜெனரேட்டருக்கு ரூ. 33,000. மதியச் சாப்பாட்டுக்கு ரூ. 20,000. குழுவினர் போட்டதும் போன வருஷ மிச்சமுமாகக் கையில் ரூ. 46,000 இருக்கிறது. இன்னும் ரூ. 1,14,000 வேண்டும்.

இது குடும்பத்துக்கு இவ்வளவு என்று விதிக்கும் புள்ளி வரி இல்லை. யாருக்கு எவ்வளவு மனசோ அவ்வளவு. 100 ரூபாய்க்கும் ரசீது உண்டு. பணமாக முடியாதவர்கள் அரிசி, காய்கறி, ஜமுக்காளம் எது கொடுத்தாலும் சந்தோஷம். இனிப்புக்குக் கவுனி அரிசி தருவதாக ஒரு ஆச்சி இப்போதே சொல்லிவிட்டார்கள். நடக்க முடியாதவர்களை வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிட, கார் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் முன்வந்தால் பெரிய உதவி. கட்டணச் சீட்டு கிடையாது. சாதி, தெரு என்ற பேதமில்லாமல் எல்லோரும் வரலாம்.

காப்புக் கட்டும் நாள் வரை, தினமும் மாலை 5 மணி முதல் 8 மணி வரை கோயில் வாசலில் குழுவினர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்போம். வெளியூரில் இருப்பவர்கள் இங்கிருக்கும் உறவினர் மூலம் கொடுத்தனுப்பி, ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வரவு செலவுக் கணக்கைத் திருவிழா முடிந்த மூன்றாம் நாள் கோயில் பலகையில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
திரையிடல் குழுவினர்