ரப்பர் மரத்தின் வயதும் பெல்மன் சமன்பாடும்: குமரி மாவட்டப் பொருளியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருப்பவள் நான். நம் மாவட்டக் கல்லூரிகளில் ஆய்வுக்குச் சேர்கிறவர்களுக்கு, இயங்குநிலைப் பொருளியல் மாதிரிகளை, அதாவது இன்றைய முடிவு நாளைய நிலையை மாற்றும் கணக்குகளை, கணினியில் ஓட்டிப் பார்க்கும் முன்பாகத் தாளில் தீர்க்கக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ஒரு நாடு எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று ராம்சே 1928-இல் எழுப்பிய கேள்வியையும், 1965-இல் காஸும் கூப்மன்ஸும் அதை வளர்ச்சி மாதிரியாக விரித்ததையும் முதலாண்டிலேயே படித்திருந்தேன். இன்றைய பயனையும் இனி வரப்போகும் பயனையும் சேர்த்து எடைபோட்டு இத்தகைய மாதிரிகளைத் தீர்க்க உதவும் பெல்மன் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதவும் தெரியும். ஆனால் அதில் எது நிலை மாறி (முடிவெடுக்கும்போது நம் முன் இருக்கும் நிலைமை), எது தேர்வு மாறி (நாம் எடுக்கும் முடிவு) என்று ஒரு கருத்தரங்கில் கேட்டபோது என்னால் வாய் திறக்க முடியவில்லை.

விடை எங்கள் தோட்டத்தில் இருந்தது. நட்டு ஏறத்தாழ 7 ஆண்டு கழித்தே பால் வெட்டத் தொடங்கும் ரப்பர் மரம், 25, 30 ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது. அதன் பிறகு ஆண்டுதோறும் அப்பாவின் முன் நிற்பது ஒரே கேள்வி: இன்னும் ஓராண்டு பால் வெட்டுவதா, மரத்தைத் தடிக்கு விற்று மறுநடவு செய்வதா? மரத்தின் வயதும் ரப்பர் விலையும் நிலை மாறிகள். வைத்திருப்பதோ முறிப்பதோ தேர்வு. முறித்தால் தடிப்பணம் கைக்கு வரும், ஆனால் 7 ஆண்டு பால் வருமானம் இராது; காத்திருந்தால் இந்த ஆண்டின் பால் உண்டு, ஆனால் அடுத்த ஆண்டு அதே கேள்வி ஒரு வயது கூடிய மரத்தோடும், இன்று தெரியாத விலையோடும் திரும்பி வரும். இவ்விரண்டில் பெரியதே இன்றைய மதிப்பு என்பதைத்தான் அந்தச் சமன்பாடு சொல்கிறது. அமெரிக்காவின் மேடிசன் நகரப் பேருந்து எஞ்சின்களை எப்போது மாற்றுவது என்று ஜான் ரஸ்ட் 1987-இல் ஆராய்ந்த புகழ்பெற்ற கட்டுரையின் கணக்கும் இதே வடிவம் கொண்டது. குளச்சல் மீனவர்களின் மீன்வளத்துக்கும் இப்படி ஒரு மாதிரி அமைக்கலாம்.

தாளில் தீர்ப்பதன் பயன் இன்னொன்றும் உண்டு. கழிவுக் காரணி, அதாவது அடுத்த ஆண்டு வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு, 0.95 என்றால், ஒவ்வொரு நிலைக்கும் உரிய மதிப்பைத் தரும் மதிப்புச் சார்பை ஓர் ஊகத்தில் தொடங்கி ஒவ்வொரு சுற்று திருத்தும்போதும் பிழையின் மேல்வரம்பு 5 விழுக்காடு குறைகிறது. அது பாதியாவதற்கு 14 சுற்று ஆகும். இப்படித் திருத்திக்கொண்டே போனால் ஒரே விடையை நெருங்குவோம் என்னும் பானாக்கின் நிலைப்புள்ளித் தேற்றம் தரும் இந்த உறுதி விளங்காதவர், கணினி தரும் எண் சரியா தவறா என்று எப்படிச் சொல்வார்?

ஆகவே, கணிதத்துறை ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு, பல கல்லூரி ஆய்வாளர்களுக்கும் பொதுவாக வாரம் ஒரு வகுப்பு நடத்துங்கள். வாய்மொழித் தேர்வில் சமன்பாட்டை ஒப்பிக்கச் சொல்லாமல், சிறு கணக்கொன்றைக் கரும்பலகையில் தீர்க்கச் சொல்லுங்கள். முதல் வகுப்புக்கு, மரங்களின் வயது, பால் அளவு, விற்ற விலை ஆகியவற்றை அப்பா எழுதிவைத்திருக்கும் நோட்டுகளைக் கொண்டுவரத் தயாராக இருக்கிறேன்.

பணிவுடன்,
குலசேகரத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி