இரும்புச் சத்து மாத்திரை

அன்புள்ள யாழினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. சென்ற வாரம் வீடியோவில் பேசியபோது உன் மேசைமேல், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. அம்மா கேட்டதற்கு, "இரத்தம் கொஞ்சம் குறைவாம், இரும்புச் சத்து மாத்திரை" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் புது வேலைக்குப் பேச்சை மாற்றிவிட்டாய்.

சித்தப்பாவுக்கும் முதலில் டானிக்தான் கொடுத்தார்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி வந்தால், வலியோ கண்ணுக்குத் தெரிகிற இரத்தப்போக்கோ இல்லாமல் உள்ளேயே கசிந்து, வெகுநாள் வரை சோகை மட்டுமே வெளியில் தெரியக்கூடும். எனக்கிருக்கும் லிஞ்ச் நோய்க்குறி, பிறவி மரபணுப் பழுதால் குடல், கர்ப்பப்பை போன்ற இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது. அது உள்ளவர்களுக்குக் குடலில் கட்டி பெரும்பாலும் அந்தப் பக்கமே வருகிறது. மாதவிடாயாலும் இருக்கலாமே என்கிறாள் அம்மா. இருக்கலாம். ஆனால் உன் டாக்டரிடம் என் மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டினாயா?

அதில் எழுதியிருப்பது எனக்கு எளிதாகவே புரிந்தது, காலமெல்லாம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் அல்லவா. டி.என்.ஏ.வில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்கள் ஏராளம். செல் பிரியும்போது நகலெடுக்கும் நொதி அங்கேதான் எண்ணிக்கை தவறுகிறது. அந்தப் பிழையைப் பிடித்துத் திருத்துபவற்றுள் ஒன்று எம்.எஸ்.எச்.2 மரபணு தரும் புரதம். எனக்கு அந்த மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே பழுது. கட்டி முளைத்த செல்லில் மற்றதும் கெட்டுவிட்டதால், பாட்-26 என்னும் இடத்தில் வரிசையாக நிற்க வேண்டிய 26 அடினின் எழுத்துகள் கட்டியில் குறைந்துபோயிருந்தன. இத்தகைய தொடர்களின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது பெரும்பாலும் இயல்பே; ஒரே ஆளின் நல்ல திசுவில் ஒன்றாகவும் கட்டியில் வேறாகவும் இருப்பதுதான் கோளாறு. செல் பெருக்கத்தை அடக்கும் புரதத்தைத் தரும் டி.ஜி.எஃப்.பி.ஆர்.2 மரபணுவுக்குள்ளும் பத்து அடினின்கள் இப்படி நிற்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு விடுபட்டாலும் அந்தப் புரதம் பாதியில் நின்றுவிடும்.

தங்கப் பதக்கம் வாங்கிய உனக்கு இதையெல்லாம் நான் எழுத வேண்டியிருக்கிறது. நான் சொன்ன மறுநாளே உன் தம்பி மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். அவனுக்கு அந்தப் பழுது இல்லை என்று வந்ததால் உனக்குத்தான் இருக்கும் என்று கணக்குப் போடாதே. அவனுக்கும் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு இருந்தது, உனக்கும் அதேதான். சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கமா? மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் அல்லர் என்றுதான் நான் நினைக்கிறேன். அத்தைக்குக் கர்ப்பப்பையில் வந்ததும் இதே காரணத்தால்தான் என்பதையும் நீ மறக்கக் கூடாது.

1895இல் மிச்சிகனில் ஒரு தையற்காரப் பெண், தன் குடும்பத்தில் பலரும் போனது போலத் தானும் புற்றுநோயில்தான் போவேன் என்று டாக்டர் வார்த்தினிடம் சொன்னாள், அப்படியே போனாள். அவள் காலத்தில் பரிசோதனை இல்லை. இன்று, இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி, அதாவது குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்து, முளைக்கும் சதையைப் புற்றாகும் முன்பே எடுத்துவிடுகிறார்கள். உனக்கு இருபத்தொன்பது ஆகிறது. உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, ஆனால் போய் இரத்தம் கொடு.

ரிப்போர்ட்டை மறுபடியும் மெயிலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் என் மரபணு மாற்றத்தின் குறியீடு இருக்கிறது. அதைக் கொடுத்தால், உன்னிடத்தில் அந்த ஒரு மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் தேடினால் போதும். சோகை இருப்பதையும் மறைக்காமல் சொல். எந்த நாளில் போகிறாய் என்பதை அம்மாவிடம் வேண்டாம், எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா