போனைப் பிடுங்கினால் அவள் எங்கே போவாள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து எங்கள் பக்கமும் அதே பேச்சுதான், இங்கேயும் கொண்டு வரணும், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று. நான் பெரம்பலூர் மாவட்டத்தில் வீட்டில் டியூஷன் எடுப்பவள். பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகளோடு தினமும் இரண்டு மணி நேரம் இருக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம்தான் வருகிறது.

அவளுக்கென்று போன் கிடையாது. அம்மா போன், மூலையில் கண்ணாடி விரிசல் விட்டது, அதை டியூஷன் முடிந்து அப்பா வேலையிலிருந்து திரும்புவதற்குள் இருபது நிமிஷம் வைத்திருப்பாள். வாட்ஸ்அப்பில் 'கெமிஸ்ட்ரி நோட்ஸ்' என்று ஒரு குரூப் இருக்கிறது, ஆனால் அதில் கெமிஸ்ட்ரி ஒன்றும் கிடையாது, ஆறு தோழிகள் மட்டும்தான். ஒருத்தி மருதாணி வைத்த கையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பாள், இன்னொருத்தி பஸ்ஸில் நடந்ததை அழுதுகொண்டே வாய்ஸில் சொல்லியிருப்பாள். இவள் சத்தத்தைக் குறைத்து, போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பாள், பதில் போடுவாள், அப்புறம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவாள். அவள் தம்பி ஒன்பதாவது படிக்கிறான், அவனுக்குச் சொந்தமாகப் போன் உண்டு. ஏரிக்கரை மதகில் பையன்களோடு உட்கார்ந்து இருட்டும்வரை கேம் ஆடுவான். அவன் போனை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் எடுத்த 2023ஆம் ஆண்டின் அசர் (ASER) என்ற கல்வி ஆய்வு, நாடு முழுக்க 28 மாவட்டங்களில் நடந்தது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இருந்தது எங்கள் பெரம்பலூர்தான். ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தப் போன் வைத்திருக்கும் பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம் என்பது அதில் வந்த தேசியக் கணக்கு. பையன்கள் கணக்கில் பாதிகூட இல்லை. அதற்கும் முன்பே, சென்னைக்கு வெளியே ஐடி நிறுவனங்கள் சூழ்ந்துகொண்ட கிராமங்களில் 15 மாதம் தங்கி ஆய்வு செய்த ஸ்ரீராம் வெங்கட்ராமன், வசதி குறைந்த வீடுகளில் கல்யாணமாகாத பெண்களின் கைக்குப் போன் போகாமல் குடும்பம் எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று 2017இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

அமெரிக்காவில் டானா பாய்ட் என்ற ஆய்வாளர் 2005இலிருந்து பல வருஷம் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் நேரில் உட்கார்ந்து பேசினார். நண்பர்களை நேரில் பார்க்கத்தான் எங்களுக்கு ஆசை, வெளியே விடமாட்டேன் என்கிறார்கள், அதனால்தான் இதில் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அவரிடம் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொன்னது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். பையனுக்கு டீக்கடை உண்டு, கிரவுண்டு உண்டு, கோயில் திண்ணை உண்டு. அவளுக்கு?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. போட்டோவை எடுத்து வேறு படத்தோடு ஒட்டி மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ராத்திரி முழுக்க ரீல்ஸ் பார்த்துவிட்டு வகுப்பில் தூங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஒருவன் தொந்தரவு கொடுத்தபோது என்னிடம் வந்த பெண், மூன்று வாரம் யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுத்தான் வந்தாள். வீட்டில் சொன்னால் முதலில் போன் போகும், அடுத்து படிப்பு போகும் என்று பயம். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930க்குப் புகார் செய்யலாம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தடை என்று ஒன்று வந்தால் இந்தப் பயம் இன்னும் கூடத்தான் செய்யும், மதகில் உட்கார்ந்திருக்கும் பையன் எப்படியாவது வேறு கணக்குத் திறந்துகொள்வான்.

அதனால் சட்டம் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் ஆய்வு செய்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். எத்தனை மணி நேரம் பார்க்கிறாய் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது யாருடைய போன், யார் அதைத் திறந்து பார்க்கிறார்கள், போன் இல்லாவிட்டால் தோழியை எங்கே பார்ப்பாய் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் போன வாரம் நானே என் பிள்ளைகளிடம் கேட்டேன். பையன்கள் உடனே நாலைந்து இடம் சொன்னார்கள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, "இங்கதான் மிஸ், டியூஷன்ல," என்றாள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
பெரம்பலூர் மாவட்டம்